சொட்டு விழும் இடம்

கார் வாங்கிய மறு வாரமே சிவகுமார் அதற்கு ஒரு தரை வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தான். பழைய மாருதிதான். ஆனால் புதுப் பெயிண்ட், கருநீலம். தில்லி ஆர்.கே.புரத்தில் தெருவில் நிறுத்தினால் யாராவது சாவியால் கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். பந்து வந்து விழும். வீட்டு முன்னால் கம்பி வேலி போட்ட மண் இருந்தது. அதில்தான் அம்மாவின் பூசணிக்கொடி கிடந்தது.

"சிமெண்ட் போட்டுடலாம்மா. ஒரு நாள் வேலை. மிஸ்திரி இருக்கான்."

தாயம்மாள் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கொடியில பிஞ்சு நிக்கி."

"மூணு வருஷமா இதையே சொல்லுறே. இதுவரைக்கும் ஒரு காய் தின்னிருக்கோமா?"

அது உண்மை. முதல் வருஷம் மாடு மேய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் வெறும் பூவாகப் பூத்துக் கொட்டியது. போன வருஷம் பிடித்த பிஞ்சுகள் எல்லாம் எலுமிச்சை அளவில் மஞ்சளாகிச் சுருங்கின.

கட்டிலில் படுத்திருந்த அப்பா ரத்தினவேல் விசிறியைக் கீழே வைத்தார். "உங்கம்மா பூசணியா வளக்கா? இலை வளக்கால, இலை."

சிவகுமார் சிரித்தான். பிறகு ஒரு நியாயம் பேசுகிறவன்போல முட்டி போட்டு உட்கார்ந்தான். "சரி. முதல் மழை வர்ற வரைக்கும் டைம். அப்போ ஒரே ஒரு காய் நின்னாலும் நான் அந்த மண்ணைத் தொடமாட்டேன். நிக்கலைன்னா சிமெண்ட். அச்சா?"

"சரி" என்றாள் தாயம்மாள். சொன்ன பிறகு சுளகில் எது கல், எது கோதுமை என்று கொஞ்ச நேரம் தெரியாமல் போயிற்று.

அவள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அப்பா தென்காசியில் தையல்காரர். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ரத்தினவேலுக்கு ஒரு அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை. கல்யாணமாகித் தில்லி வந்தவள் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மொட்டைமாடி அறையில் ஏறினாள். பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது, மூன்றாவது மாடி. அதற்குப் பிறகு இன்னொன்று, இரண்டாவது மாடி. வயிற்றில் பிள்ளையோடும், இடுப்பில் பிள்ளையோடும், கையில் மண்ணெண்ணெய்க் கேனோடும் ஏறி இறங்கியே வயசு போயிற்று. ரத்தினவேலுக்கு முட்டி தேய்ந்த பிறகுதான் கீழ்த்தளம் கொடுத்தார்கள்.

வந்த புதிதில் காய்கறிக் குப்பையை எங்கே போடுவது என்று தெரியாமல் முன்னால் மண்ணில் கொட்டினாள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பூசணி முளைத்தது. தான் ஒன்றும் செய்யாமலே ஒன்று நடந்துவிட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து விதையை எடுத்து வைத்து, குளிர் குறைந்ததும் அவளே ஊன்றினாள். ரேஷன் கார்டு அவர் பெயரில் இருந்தது. வீடும் அவர் பெயரில்தான். இந்த மண் யார் பெயரிலும் இல்லை. அதனாலேயே அது தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் கொடியில் மூன்று பிஞ்சுகள் பிடித்திருந்தன. மூன்றும் சுவர் ஓரமாக. மேல் வீட்டு பால்கனிக்கு நேர் கீழே.

மேல் வீட்டில் சுஷ்மா இருந்தாள். மீரட்காரி. புருஷன் ரயில்வேயில். அவர்கள் கூலர் பால்கனியில் இரும்பு ஸ்டாண்டின்மேல் நின்றது. அதன் தொட்டியில் எங்கேயோ ஓட்டை. பகல் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். சுஷ்மா சாயங்கால டீயைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து கீழே பார்ப்பாள். "பெஹன்ஜி, சீதாபல் வந்தாச்சு" என்பாள். தில்லியில் பூசணிக்கு அப்படித்தான் பெயர். அதோடு நிறுத்தமாட்டாள். ஏக், தோ, தீன் என்று விரலை நீட்டி எண்ணுவாள்.

பூசணிப் பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. நீட்டினால் அழுகி விழும். காட்டியே ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். இது தாயம்மாளுக்கு எப்போது தெரிந்தது என்று அவளுக்கே தெரியாது. நெருப்பு சுடும் என்பதுபோலத் தெரியும். சுஷ்மாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சுஷ்மா சிரித்தாள். மறுநாளும் எண்ணினாள்.

அந்த வாரம் ஒரு பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தது.

தாயம்மாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குக் கீழே போய் நின்றாள். விரல் விஷயத்தை இந்தியில் சொல்ல வாயெடுத்தபோது அது பைத்தியம் பேசுவதுபோல ஒலித்தது. அதனால் கூலர் தண்ணீரைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாள். கூலர் தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே காயப்போட்ட வடகம் முழுக்க நனைந்து நாசமாகிவிட்டது, இங்கே மனுஷர் குடியிருக்கிறார்களா இல்லையா என்று சத்தம் போட்டாள். எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன. சத்தம் ஏறிய வேகத்தில் கடைசியில் அதுவும் வந்துவிட்டது.

"உன் விரல் பட்டுத்தான் என் காய் விழுந்தது."

சுஷ்மா டீக் கோப்பையோடு உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவள் புருஷன் லீவு போட்டு ஆள் கூட்டிவந்தார். கூலர் ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சுவரோடு இறக்கி, வேலிக்கு வெளியே சாக்கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கீழே விழவில்லை. சுஷ்மாவும் பால்கனிக்கு வரவில்லை.

தாயம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது. இனி விரல் இல்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், மே கடைசியில் வெயில் வேறு மாதிரி அடித்தது. காலையில் பால் வாங்கப் போகும்போதே தார் ஒட்டியது. பத்து மணிக்கு மேல் லூ கிளம்பும். ராஜஸ்தானிலிருந்து வருகிற காற்று. அடுப்பு வாயைத் திறந்து வைத்ததுபோல முகத்தில் அடிக்கும். குழாயில் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடும். இரண்டாவது பிஞ்சு ஒரு மத்தியானத்தில் காம்போடு காய்ந்தது. காலையில் நன்றாக இருந்தது, சாயங்காலம் இல்லை.

மூன்றாவது நின்றது. கைப்பிடி அளவு, பச்சையில் வெளிறிய கோடுகள். தாயம்மாள் அதைத் தொடவில்லை. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரத்தினவேலின் பழைய வேட்டியைக் குச்சிகளில் கட்டி நிழல் போட்டாள். லூ அதை மத்தியானத்துக்குள் பிடுங்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் மாட்டியது. அடுத்து கோணிச் சாக்கை நனைத்துக் காயின்மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சாக்கு காய்ந்து பலகையாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் காய், அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்குபோலச் சுட்டது. தானே அதை வேகவைத்திருக்கிறாள்.

மறுநாள் தங்கள் வீட்டுக் கூலரின் ஒரு பக்கத்து வெட்டிவேர்த் தட்டியைக் கழற்றினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" ரத்தினவேல் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு பக்கம் போதும் உங்களுக்கு."

"மனுசனை அவிச்சுப்போட்டு காயைக் காப்பாத்துதியோ? நல்லாருக்கு. நாளைக்கு என்னைக் கொண்டுபோய்க் கொடிக்குக் கீழ போடு. ரெண்டு பேருக்கும் சேத்துத் தண்ணி தெளிச்சிரலாம்."

அவள் தட்டியைச் செங்கல் வைத்துக் காய்க்கு மேற்கே சாய்த்து நிறுத்தினாள். துவைத்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் வேருக்குப் போயிற்று. மண் அதைச் சத்தம் போட்டுக் குடித்துவிட்டு உடனே வெளுத்தது. மத்தியானமானால் இலைகள் எல்லாம் தொய்ந்து தரையோடு படுத்துவிடும். இலை படுத்ததும் காய் வெட்டவெளிக்கு வந்துவிடும். தட்டியின் நிழல் நகர்ந்துபோன பிறகு வெயில் பக்கவாட்டில் வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

ஒரு நாள் காயின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சுட்ட புண் ஆறுகிறபோது தோல் வெளுக்குமே, அப்படி.

சிவகுமார் அதைத்தான் முதலில் பார்த்தான். ஆபீஸிலிருந்து வந்து காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "போச்சும்மா. வெள்ளை விழுந்துடுச்சு" என்று விரலை நீட்டினான்.

தாயம்மாள் அவன் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். "விரல மடக்குல."

"நான் என்ன துப்பாக்கியா காட்டினேன்?" அவன் கையைத் தடவிக்கொண்டான். "மிஸ்திரி ஞாயித்துக்கிழமை வர்றான்."

"மழை வரைக்கும்னு சொன்ன."

"மழை வந்தா சிமெண்ட் காயாதும்மா. காய் செத்துப்போச்சு. அப்புறம் எதுக்கு வெயிட் பண்ணணும்?"

"சாவல."

"சரி, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்." உள்ளே போய்விட்டான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் திருப்பிப் பேசியிருப்பாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் பருப்புக் கழுவிய தண்ணீரோடு வெளியே வந்தாள். கொடியைப் பார்க்க மனமில்லை. எல்லா இலையும் செத்த மாதிரி கிடந்தது. வேலி ஓரமாக நடந்தபோது காலில் ஈரம் பட்டது. வெறுங்கால். சுடும் தரையில் அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

குனிந்து பார்த்தாள். கொடியின் ஒரு கை வேலிக்கு அடியில் நுழைந்து சாக்கடைப் பக்கம் ஓடியிருந்தது. அவள் கவனித்ததே இல்லை. அங்கே இலைகள் படுத்திருக்கவில்லை. உச்சி வெயிலில் ஒவ்வொன்றும் குடை விரித்த மாதிரி நின்றது. இலைக்கு அடியில் மண் கறுப்பாக, நிழலாக இருந்தது. பக்கத்தில் ரப்பர் குழாயின் வாய். அதிலிருந்து விட்டுவிட்டு ஒரு சொட்டு.

தாயம்மாளின் பார்வை குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போயிற்று. சுவர், சுவர்மேல் ஆணி, பால்கனி, கூலர். அங்கிருந்து நேர் கீழே, முன்பு சொட்டு விழுந்த இடத்துக்கு இறங்கியது. வெள்ளைத் திட்டு விழுந்த காய்.

பருப்புத் தண்ணீர் கையிலேயே இருந்தது. லூ வந்து முகத்தில் அடித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சுஷ்மாவின் கிண்ணம் ஒன்று சமையலறையில் கிடந்தது. சண்டைக்கு முன்னால் அல்வா வைத்துக் கொடுத்தது. வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த பிளாக்கில் யாருக்கும் கிடையாது. தாயம்மாள் எண்ணெயைக் காயவைத்தாள். டப்பாவிலிருந்து வடகத்தை எடுத்துப் பொரித்து, கிண்ணம் நிறைய வைத்து மூடினாள். எத்தனையோ வருஷம் மாடி ஏறியவள் அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

சுஷ்மா கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து கூலர் காற்று வந்தது. அவள் வழி விடவில்லை, மறிக்கவும் இல்லை.

"கிண்ணம் கொண்டு வந்தேன்" என்றாள் தாயம்மாள், இந்தியில்.

சுஷ்மா மூடியைத் திறந்தாள். ஒரு வடகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என் தண்ணியில நனைஞ்சு நாசமாப் போன வடகமா, வேற வடகமா?"

"அதே வடகம்தான்."

"நல்லாத்தானே இருக்கு."

"நாசமாப் போகல."

"அன்னைக்கு பிளாக் முழுக்கக் கேக்கச் சொன்னீங்களே, பெஹன்ஜி."

"சொன்னேன்."

சுஷ்மா ஒரு வடகத்தைக் கடித்தாள். அது உடைகிற சத்தம் கூலர் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. மென்று முடித்தாள். "இன்னொண்ணும் சொன்னீங்க. அன்னையிலேருந்து நான் என் வீட்டு பால்கனியில நிக்கிறதில்ல. கீழ இருக்கிறவங்க பாத்தா, இவ கை பட்டா எல்லாம் அழுகும்னு நினைப்பாங்களோன்னு."

தாயம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வருத்தம் சொல்ல இந்தியில் வார்த்தை தெரியாமல் இல்லை.

"தண்ணி வேணும்" என்றாள்.

"உள்ள வாங்க. ஃப்ரிஜ்ல இருக்கு."

"குடிக்க இல்ல. கூலர்த் தண்ணி. முன்ன மாதிரி கீழ விழணும். மகன் அங்க சிமெண்ட் போடப் போறான். ஒரு காய்தான் பாக்கி. அது நின்னா போடமாட்டான்."

சுஷ்மா அவளை நிதானமாகப் பார்த்தாள். "அந்தக் குழாய்க்கு எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டார்."

"தெரியும்."

"எடுத்தா மறுபடி மாட்டித் தர மாட்டார். என்னையும் மாட்ட விடமாட்டார்."

"நான் கேக்க மாட்டேன்."

கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு சுஷ்மா பால்கனிக்குப் போனாள். தாயம்மாள் பின்னால் போனாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சுஷ்மா உட்கார்ந்து குறடால் வளையத்தைத் தளர்த்தி, குழாயைப் பிடுங்கினாள். தொட்டித் தண்ணீர் குபுக்கென்று வெளியே வந்தது. அவள் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, குழாயில் ஒரு துண்டை வெட்டி அதில் சொருகினாள். கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"எங்க விழணும்?"

"காய் மேல. அது பக்கத்துல."

"எங்க இருக்கு? எல்லாம் இலையாத்தான் தெரியுது."

"அதோ, சுவர் ஓரமா."

"எல்லாமே சுவர் ஓரம்தான். காட்டுங்க."

தாயம்மாள் மோவாயை நீட்டிக் காட்டினாள்.

"மூஞ்சியால காட்டினா குழாயை எப்படித் திருப்புறது? கையால காட்டுங்க. தண்ணி போகுது."

தாயம்மாள் விரலை மடக்கிக் காட்டினாள். மடக்கிய விரல் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. சுஷ்மா குழாயைத் தோராயமாகத் திருப்பினாள். தண்ணீர் நடைபாதைக் கல்லில் விழுந்து உடனே ஆவியாயிற்று. குழாய்த் தண்ணீர் இனி மறுநாள் விடிகாலைதான் வரும். தொட்டியில் இருப்பதுதான் இருப்பு.

"அங்க இல்ல. இன்னும் இந்தாண்ட."

"எந்தாண்ட?"

தாயம்மாள் விரலை நீட்டினாள். நேராக. வெள்ளைத் திட்டு விழுந்த அந்தக் காயைப் பார்த்து.

சுஷ்மா காயைப் பார்க்கவில்லை. முதலில் விரலைப் பார்த்தாள். பிறகுதான் அது காட்டிய திசையைப் பார்த்துக் குழாயைத் திருப்பினாள். ஒரு சொட்டு இலையில் விழுந்தது. அடுத்தது காய்க்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்தது.

"சரியா?"

"சரி."

தாயம்மாள் கீழே இறங்கி வந்து தோஷம் கழியட்டும் என்று, நீட்டிய விரலைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் அவள் வீட்டுக்குள் நிலையாக உட்காரவில்லை. எந்த நேரமும் காயின் காம்பு மஞ்சளாகிவிடும் என்று இருந்தது. அடுப்பில் பால் பொங்கியபோது அவள் வெளியே இருந்தாள். ரத்தினவேல் பாலை இறக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார். மத்தியானத்தில் சுவர் ஓரத்து இலைகள் பாதி எழுந்து நின்றன. முழுக்க இல்லை. வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. பெரிதாகவில்லை, ஆறவும் இல்லை. காம்பு பச்சைதான். ஆனால் இரண்டாவது பிஞ்சும் காய்ந்த அன்று காலையில் பச்சையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்திரி சைக்கிளில் வந்தான். சிவகுமார் வேலிக் கதவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"என்னல செய்யுத?" என்றாள் தாயம்மாள்.

"அளவு பாக்கணும்மா. வண்டி உள்ள வருமான்னு தெரியணும்ல. ஒரு நிமிஷம்."

"காய் நிக்கி. பாரு."

"நிக்குது. நாளைக்கு விழும். நீயே பாத்துட்டுத்தானே இருக்கே."

அவன் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தான். கார் மெதுவாகத் தெருவிலிருந்து மண்ணுக்கு இறங்கியது. டயருக்கு அடியில் கொடியின் ஒரு கை நசுங்கியது. பச்சை நாற்றம் வந்தது. தாயம்மாள் சுவர் ஓரத்தில் காய்க்கு முன்னால் போய் நின்றாள். அவள் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது கார் நின்றது. எஞ்சின் சூடு அவள் புடவையில் அடித்தது.

"தள்ளும்மா."

அவள் நகரவில்லை. மிஸ்திரி டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சிவகுமார் ஹாரனில் கை வைத்தான், அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"பேசினபடி நடக்கணும்ல" என்றான்.

"பேசினது மழை வரைக்கும்."

"அம்மா..."

டப் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் திரும்பினார்கள். கருநீல பானெட்டின்மேல், காற்றில் சாய்ந்து வந்த ஒரு சொட்டு. காய்ந்த தகரத்தில் அது நிற்கவில்லை. பார்க்கப் பார்க்கச் சுருங்கி, போன இடத்தில் வெள்ளையாக ஒரு வளையத்தை விட்டுவிட்டுப் போயிற்று. இன்னொரு சொட்டு. இன்னொரு வளையம்.

சிவகுமார் கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். மிஸ்திரி குனிந்து பார்த்தான். "காரா பானி, பையா. உப்புத் தண்ணி. பாலிஷ் போனாலும் இது போகாது."

சிவகுமார் மேலே பார்த்தான். பால்கனியில் சுஷ்மா டீக் கோப்பையோடு சாய்ந்து நின்றாள்.

"பாபிஜி, குழாய் என்னாச்சு?"

"உங்க மம்மியைக் கேளு."

அவன் அம்மாவைப் பார்த்தான். தாயம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"மறுபடி மாட்டச் சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நிறுத்தச் சொன்னதும் நாந்தான். விடச் சொன்னதும் நாந்தான். இன்னொரு தரம் அந்த மாடி ஏற மாட்டேன்."

"நான் போய்ச் சொல்றேன்."

"போய்ச் சொல்லு. அவ என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு வா."

அவன் மறுபடி மேலே பார்த்தான். சுஷ்மா டீயை ஒரு வாய் குடித்தாள், நகரவில்லை. இந்தப் பேச்சு நடக்கும்போதே பானெட்டில் இன்னும் சில வளையங்கள் விழுந்துவிட்டன.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ரத்தினவேலின் குரல் வந்தது. "ஏல, முதல்ல வண்டியை வெளிய எடு. அம்மை வாத்தாப்பல ஆயிட்டுது அது மூஞ்சி."

மிஸ்திரி சிரித்துவிட்டான். டேப் தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று. சிவகுமார் காரில் ஏறி ரிவர்ஸ் எடுத்தான். எல்லோரும் நிறுத்துகிற தெருவிலேயே, வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டான். மிஸ்திரியிடம் தள்ளி நின்று ஏதோ பேசினான். மிஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

திரும்பி வந்து வேலிக் கதவை எடுத்து மாட்டினான். ஒரு பக்கத்துக் கொக்கி வளைந்திருந்தது; அதைக் கல்லால் தட்டி நேராக்கினான். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இலையை விலக்கி முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தான். வெள்ளைத் திட்டுக்குச் சுற்றிலும் காய் பச்சையாக இருந்தது.

"இதுதானா?" என்று விரலை நீட்டினான்.

தாயம்மாளின் கை பாதி எழுந்து, அங்கேயே நின்றது. மேலேயிருந்து ஒரு சொட்டு அவன் மணிக்கட்டில் விழுந்தது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது.